மயில்கழுத்து நிறத்தில் ஒரு பொறாமை

மாடி வீட்டுப் பல் டாக்டருக்கு நான் எந்த விதத்திலும் குறைந்தவன் அல்ல என்று நிரூபித்தே தீருவது என, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பல் விளக்கும்போதே முடிவு கட்டினேன்.

காரணம் என் மனைவி. முந்திய நாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, மாடியில கர்ரு கர்ருன்னு சத்தம் கேக்குதே, என்னன்னு தெரியுமா?"

"யாருக்காவது பல் பிடுங்குறாரா?"

"பழைய சைக்கிளைப் பிரிச்சு, பெயிண்டை உரிச்சு, புதுசா அடிக்கப் போறாராம். அவரே! தன் கையால!"

அந்த 'தன் கையால'வை அவள் சொன்ன விதம் இருக்கிறதே! கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆகிறது. என் கையைப் பற்றி அவள் இதுவரை சொன்னதெல்லாம், "கையைக் கழுவிட்டு உக்காருங்க" என்பது மட்டும்தான்.

என்னிடமும் ஒரு சைக்கிள் உண்டு. வளைந்த ஹேண்டில், அலுமினிய ஃப்ரேம், ரேஸ் ஓட்டுகிறவர்கள் வைத்திருக்கும் ஜாதி. தொப்பையைக் குறைக்க வேண்டி யாரிடமோ பழசாக வாங்கியது. தொப்பை பால்கனிக்கு வந்ததோடு சரி, சைக்கிள் மேல் ஏறவில்லை. சிவப்புப் பெயிண்ட் சொறி பிடித்த மாதிரி உரிந்து, துண்டு காயப்போட வசதியாக நின்றுகொண்டிருந்தது.

"நானும் அடிக்கறேன்," என்றேன்.

"நீங்களா?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

"இருக்கு. அதான் பயமா இருக்கு."

கடையில் கொடுத்தால் சைக்கிள் விலையைவிடக் கூலி அதிகம். எனவே வீட்டிலிருப்பதை வைத்தே சமாளிப்பதாகத் திட்டம். சிங்க் அடைப்புக்கு வாங்கிய காஸ்டிக் சோடா பாதி மிச்சம் இருந்தது. அதை வாளியில் கொட்டப் போனேன். மனைவி பிடுங்கியதில் வாளி கையை விட்டுப் பறந்தது.

"அலுமினியத்துல சோடாவா? பெயிண்ட் போறதுக்கு முன்னாடி சைக்கிளே போயிடும்! அரிச்சுத் தின்னுடும்!"

"உனக்கு யார் சொன்னது?"

"டாக்டர் வீட்ல சொன்னாங்க."

டாக்டர்! எனக்குக் காதிலிருந்து புகை வந்தது. ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவின் சைக்கிள் விஷயத்தில் ஒரு பல் டாக்டருக்கு என்ன வேலை? நான் அவர் கிளினிக்கில் போய் வாயைத் திறந்தேனா?

சோடாவைக் கைவிட்டேன். பெயிண்ட் கரைக்கிற களிம்பு ஒரு டப்பா, உப்புத்தாள் ஒரு கட்டு வாங்கி வந்தேன். "வீட்டுக்கு உப்பு வாங்கிட்டு வாங்கன்னா ஒரு வாரம் மறப்பீங்க. உப்புத்தாள்னா ஓடுறீங்க," என்றாள் மனைவி.

களிம்பைத் தடவிக் காத்திருந்தால் பெயிண்ட் அப்பளம் மாதிரி பொங்கி வந்தது. சுரண்டினேன். வராத இடத்தைத் தேய்த்தேன். முதலில் எண்பதாம் நம்பர் தாள், அப்புறம் இருநூற்று இருபது, அப்புறம் தண்ணீர் தொட்டு நானூறு. தோள்பட்டை கழன்று பால்கனியில் விழுந்துவிடும் போல இருந்தது.

"பொறுமையாத் தேய்ங்க," என்றாள்.

பொறுமை எங்கே இருந்தது? நான் தேய்த்ததெல்லாம் பொறாமையால்தான். மாடியில் கர்ரு என்று கேட்டால் நான் இரண்டு கர்ரு போட்டேன். மாடியில் மூன்று கேட்டால் நான் ஆறு.

"இடுக்குல எல்லாம் பல் சுரண்டுற ஊசியால சுத்தம் பண்றாராம், டாக்டர்," என்று ஒரு நாள் தகவல் வந்தது. நான் உடனே என் பல் பிரஷ்ஷைத் தியாகம் செய்தேன். மூன்று நாள் விரலால்தான் பல் விளக்கினேன்.

இதற்கு நடுவில் அவள் தினமும் சாயங்காலம் மாடிக்குப் போனாள். அரை மணி நேரம் சிரிப்புச் சத்தம் கேட்கும். இறங்கி வரும்போது முகம் மலர்ந்திருக்கும்.

"அப்படி என்ன சிரிப்பு?"

"உங்களுக்காகத்தான் கேட்டுட்டு வந்தேன். சும்மா பெயிண்ட் அலுமினியத்துல ஒட்டாதாம். அதுக்குன்னு தனி பிரைமர் இருக்காம். பல்சக்கர அச்சு உள்ள போற திருகு மரையில பெயிண்ட் படாம டேப் ஒட்டணுமாம்."

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

நிறம் என்று வந்தபோது கறுப்பு என்றேன். கம்பீரமாக இருக்கும்.

"டாக்டரும் கறுப்புதான் அடிக்கிறாராம். பாவம், நீங்க அவரைப் பாத்து அடிச்சதாத்தான் எல்லாரும் நினைப்பாங்க. போனாப் போகுது."

"யாரு, நானா? எனக்குச் சொந்தமா மூளை இருக்கு! நீயே ஒரு நிறம் சொல்லு!"

"மயில்கழுத்து?" என்றாள், யோசிக்கிற மாதிரி.

மெல்லிசாக அஞ்சு கோட்டு அடித்தேன், ஒவ்வொன்றையும் காயவைத்து. கடைசி இரண்டு கோட்டுக்கு நான் சட்டையே போடவில்லை. இருந்த மூன்று சட்டையும் ஏற்கனவே மயில்கழுத்து ஆகிவிட்டிருந்தன. மேலே பளபளப்பு வார்னிஷ் இரண்டு. ஒரு வாரம் தொடாமல் காயவிட்டு, எல்லாவற்றையும் மாட்டினேன். சீட்டைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள், பார்க்க அழகாக இருக்குமாம். இறக்கினேன். அவள் ஃப்ரேமை விரலால் தடவிப் பார்த்து, "அடேயப்பா! தன் கையால!" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் நாலு சைக்கிள் தேய்த்திருப்பேன்.

டாக்டரை நேரிலேயே வீழ்த்த எண்ணி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அங்கே டாக்டர் நின்றிருந்தார். கையில் சைக்கிள். மாதுளை நிறம்.

"கறுப்பு அடிக்கலையா?" என்றேன்.

"நீங்கதான் கறுப்பு அடிக்கிறீங்கன்னு சொன்னா என் வீட்டுக்காரி!"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

"சார், உங்களாலதான் எனக்கு இந்தத் தோள்வலி," என்றார் அவர். "கீழ் வீட்டுக்காரர் தன் கையால பண்றார், நீங்களும் இருக்கீங்களேன்னு ஞாயித்துக்கிழமை முழுக்கப் பேச்சு. பொறுக்க முடியாம மறுநாளே, திங்கக்கிழமை ஆரம்பிச்சேன்."

"திங்களா? சனிக்கிழமையே மேல சத்தம் கேட்டுதே!"

"அன்னிக்கு அவ அடிப்பிடிச்ச சட்டி தேய்ச்சா."

அப்போதுதான் புரிந்தது. 'டாக்டர் வீட்ல' என்றால் டாக்டர் அல்ல, டாக்டரின் வீட்டுக்காரி. மாடியில் கேட்ட சிரிப்பில் டாக்டர் குரல் ஒரு நாளும் இல்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பேசி முடிப்பதற்குள் இரண்டு பெண்மணிகளும் காலில் ஷூ, தலையில் ஹெல்மெட் சகிதம் படியிறங்கி வந்தார்கள். கேட்காமலே ஆளுக்கொரு சைக்கிளை வாங்கிக்கொண்டார்கள்.

"ஏரிக்கரை வரைக்கும் போயிட்டு வர்றோம்," என்றாள் என் மனைவி. "இனிமே தினமும்."

தெருமுனை வரை இருவரும் சிட்டாகப் பறந்தார்கள். அங்கே நின்று திரும்பினார்கள்.

"ஏங்க! டாக்டர் தன் கையாலயே வீட்டு ஜன்னல் எல்லாம் தேய்ச்சுப் பெயிண்ட் அடிக்கப் போறாராம்!" என்று என் மனைவி கத்தினாள்.

"இங்க பாருங்க! கீழ் வீட்டு சார் ஜன்னலுக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கப் போறாராம்!" என்று டாக்டர் மனைவி கத்தினாள்.

எங்கள் முன்னாலேயே! ஒரே நேரத்தில்! ஒளிவுமறைவு கூட இல்லாமல்!

டாக்டரும் நானும் அண்ணாந்து ஜன்னல்களைப் பார்த்தோம். நான்தான் முதலில் வாயைத் திறந்தேன்.

"உங்க வீட்ல எத்தனை ஜன்னல்?"

"ஏழு," என்றார்.

எங்கள் வீட்டில் ஆறுதான். வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.