பேக்கப் கொண்டுவந்த பெயர்கள்

ரவாங் வட்டாரத்தில் பேக்கப்பை மிஞ்சிய சந்தேகப் பிராணி பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. எங்கள் மென்பொருள் அலுவலகத்தில் அவன் என் பக்கத்து மேசைக்காரன்; எதையும் நகலெடுத்துச் சரிபார்க்கும் குணத்துக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர்தான் பேக்கப். வீட்டைப் பூட்டுவான், உடனே திறப்பான், மறுபடி பூட்டுவான். ஏனென்று கேட்டால், "பூட்டுறது எவனும் பூட்டுவான்லா. திறக்குதான்னு யாரு பாக்குறது?" என்பான். நண்பனின் கல்யாணத்தைப் படம் பிடித்தவன், சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று மண்டபத்திலேயே முழுதும் ஓடவிட்டுப் பார்த்தான். மாப்பிள்ளை வெகுநாள் அவனோடு பேசவில்லை.

அலுவலகத்திலும் அதே கூத்துதான். எதையும் கணினி மட்டுமே படிக்கும் பைனரி ஃபைலில் சேமித்த கையோடு, அதிலிருந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து பார்ப்பான். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போகமாட்டான். ஒன்றும் குறையாவிட்டால் மூலத்தைத் தூக்கி எறிந்துவிடுவான். அங்கேதான் வம்பு வந்தது.

நாங்கள் இருவரும் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் இப்போது இல்லை, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். ஆனாலும் ஆடி அமாவாசைக்கு எல்லாரும் சுங்கை செம்பிலாங் கடலோரம் கூடி, தோட்டத்தில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து விளக்கேற்றுவோம். முதலில் கணக்கெழுதிய கிராணி வீடு, பிறகு ஆட்களை வேலை வாங்கிய மண்டோர் வீடு, அதன்பின் லயம் லயமாக. மாட்டுக்கொட்டகையை ஒட்டியிருந்த கடைசி லயத்தின் முறை வரும்போது பாதிப் பேர் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த லயத்து அஞ்சலை அக்கா, விபத்தில் போன மகன் குமரனின் பெயரைக் கேட்பதற்காகவே சுங்கை சோவிலிருந்து பஸ் மாறி வருவார். பாத்திரச் சத்தத்தில் அது அவர் காதில் விழுந்ததே இல்லை.

பெயர்களை எழுதிவைத்த பழைய தாள்கள் நைந்துபோனதால், அவற்றைக் கணினியில் ஏற்றும் வேலையை பேக்கப்பிடம் கொடுத்தோம். அவன் ஹேஷ் டேபிள் போட்டான். பெயரைச் சொன்னால் அந்த ஆளின் விவரம் சட்டென்று வந்து விழும். ஆனால் யார் முன்னே, யார் பின்னே என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் வேறு வரிசை. பைனரி ஃபைலில் சேமித்தான், திரும்பக் கொண்டுவந்தான், ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்தான். ஒருவரும் குறையவில்லை. தாள்களைக் கொளுத்திவிட்டான்.

அமாவாசையன்று மடிக்கணினியைத் திறந்து அவனே வாசித்தான். மூன்றாவது பெயர், "அஞ்சலை மகன் குமரன்." கூட்டம் இன்னும் கலையவில்லை, சோற்றுப் பாத்திரத்தையும் யாரும் திறக்கவில்லை. அக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்.

எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர் மண்டோரின் பேரன். மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, "எங்க தாத்தா பேரு எங்கடா?" என்றார்.

"வரும் தலைவரே. எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. எப்ப வருவாங்கன்னுதான் தெரியாது."

பழைய தாளை எடுக்கச் சொன்னார். அது சாம்பலான கதையைக் கேட்டதும் மைக்கிலிருந்து கையை எடுத்தார். தாத்தா எப்போது வருவாரோ என்று கடைசிவரை நின்றார். ஊர் சனமும் அப்படியே நின்றது. சோறு ஆறியதுதான் மிச்சம்.

வாசிப்பு முடிந்ததும் அஞ்சலை அக்கா பேக்கப்பின் கையைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ள பேர இன்னிக்குத்தான்யா கேட்டேன்."

பேக்கப்புக்குப் பொய் வராது. "நான் ஒண்ணும் செய்யலக்கா. வரிசையச் சேத்து வைக்க மறந்துட்டேன்."

"மறந்ததாவே இருக்கட்டும்யா."

யார் எந்த லயம் என்ற விவரம் ஃபைலிலேயே இருந்ததால், வரிசையைச் சரிசெய்வது அரை மணி நேர வேலை. தலைவர் ஒவ்வோர் ஆடிக்கும் கேட்பார். "பாக்குறேன் தலைவரே" என்பான். கடைசிவரை பார்க்கவில்லை. நாளாவட்டத்தில் தலைவரும் கேட்பதை விட்டுவிட்டார்.

போன மாசியில் பேக்கப் மாரடைப்பில் போய்விட்டான். அவன் பெயரை நான்தான் அந்த ஃபைலில் சேர்த்தேன். சேமித்து, திரும்பக் கொண்டுவந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் பார்த்தேன். வந்தது. இந்த ஆடி அமாவாசைக்கு அவன் எப்போது வருவான் என்று எனக்குத் தெரியாது. முதல் பெயரிலிருந்தே காது கொடுத்து நிற்பேன்.