ஒற்றக்கா டாக்டர் தேடுகிறாள்

மூன்றாம் நாளும் காற்புள்ளி என்கிற பூனை அலமாரிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. தட்டில் வைத்த மீன் வைத்தபடியே இருந்தது. எறும்புகள்தான் வந்து மரியாதை செய்துவிட்டுப் போயிருந்தன. ஒற்றக்கா தரையில் கன்னத்தைப் பதித்துப் படுத்து உள்ளே பார்த்தாள். இருட்டில் இரண்டு கண்கள் தெரிந்தன.

"வாடா கண்ணு. அதான் அம்மா வந்துட்டேன்ல."

கண்கள் இன்னும் ஓர் அடி பின்னால் போயின.

ஒற்றக்கா என்பது அச்சகத்தில் வைத்த பெயர். இருபது வருஷமாக அங்கே பிழை திருத்துகிறாள். எவ்வளவு பெரிய மனிதர் எழுதிக் கொண்டுவந்தாலும் விட்டுப்போன ஒற்றெழுத்தைச் சிவப்புப் பேனாவால் போட்டுவிட்டுத்தான் மூச்சு விடுவாள். ஒற்று என்றால் வேவு என்றும் ஒரு பொருள் உண்டு. பெயர் வைத்தவர்கள் அதையும் யோசித்தே வைத்திருப்பார்களோ என்று அவளுக்குச் சந்தேகம். பால்காரர் சிரித்தால் பாலை மோந்து பார்ப்பாள். சிரிக்காவிட்டாலும் மோந்து பார்ப்பாள்.

பூனைக்குப் பெயர் வைத்தது அவள்தான். சுருண்டு படுத்தால் வாலோடு சேர்த்து அச்சு அசலாகக் காற்புள்ளி. முழு வெள்ளை, உடம்பில் ஒரு கறுப்பு முடி கிடையாது. பிள்ளையில்லாத வீட்டில் நாலு வருஷமாக அதுதான் பிள்ளை.

"கோவம், வேற ஒண்ணுமில்ல," என்றார் கணவர், கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டே. "நீ நாலு நாள் தங்கச்சி வீட்டுல போய் உக்காந்துட்ட. பூனைக்கு ரோஷம் இருக்காதா?"

முதல் நாள் அதைக் கேட்டபோது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. தான் இல்லாமல் ஒரு ஜீவன் சாப்பிட மறுக்கிறது என்றால் சும்மாவா. மூன்றாம் நாள் பெருமை போய்ப் பயம் வந்துவிட்டது.

"டாக்டர்கிட்ட கொண்டுபோயிடலாம். நீங்க தடுப்பூசி போடக் கூட்டிட்டுப் போவீங்களே, அந்த க்ளினிக் எங்க இருக்கு?"

கணவரின் சீப்பு பாதித் தலையில் நின்றது.

"அதுவா? அதை மூடிட்டாங்க."

"எப்போ?"

"மூடி ரொம்ப நாளாச்சு."

"போன வருஷம்கூடப் போனீங்களே."

"அதுக்கப்புறம் மூடிட்டாங்க," என்று சொல்லிவிட்டு, பாதி வாரிய தலையோடு வேலைக்குக் கிளம்பிவிட்டார். அவர் வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. குடியிருப்பது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அன்று அந்த மூன்று மாடியையும் அவர் இறங்கிய வேகத்தை எந்த லிஃப்ட்டும் தொட்டிருக்க முடியாது.

அன்று மாலை அவள் பூனையைக் கூடையில் போட்டுக்கொண்டு கடைத்தெரு க்ளினிக் வாசலில் போய் நின்றாள். உள்ளே போகவில்லை. பலகையைப் படித்தாள். 'நாய், பூனை, பறவைகளுக்கு சிகிச்சை அளிக்கப்படும்.'

"வாங்க மேடம், டோக்கன் போடவா?" என்று உள்ளேயிருந்து ஓர் ஆள் கேட்டார்.

"பறவைகளுக்குப் பக்கத்துல ஒரு 'ச்' வரணுமே."

"பறவை டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாருங்க."

ஒற்றக்கா திரும்பி நடந்துவிட்டாள்.

"ஒற்றை விட்டவன் தையல் போடறப்போ வயித்துக்குள்ள கத்திரியையும் விட்டுடுவான்," என்று வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள்.

"ரொம்பச் சரி. டாக்டரே வேணாம். தன்னால சரியாயிடும்."

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் எதற்குமே இவ்வளவு சீக்கிரம் தலையாட்டியதில்லை. அவள் அதை மனசில் குறித்துக்கொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் டாக்டர். பலகையில் பிழை இல்லை. ஆனால் உள்ளே ஈ காக்கை இல்லை. நல்ல டாக்டரென்றால் ஏன் ஆளில்லை என்று அவள் யோசிப்பதற்குள் டாக்டரே வந்து கதவைத் திறந்து, சிரித்துக்கொண்டே கூடையை வாங்கிக்கொண்டார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

அவர் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"நோய் ஒண்ணுமில்லம்மா. பயந்திருக்கு, அவ்வளவுதான். புது இடம் பழக ஒரு வாரம் பத்து நாள் ஆகும்."

"புது இடமா? நாலு வருஷமா அதே வீடு டாக்டர்."

"அப்படியா? வீட்டுல புதுசா யாராவது வந்திருக்காங்களா?"

"இல்ல."

"சாமானெல்லாம் இடம் மாத்தினீங்களா?"

"இல்ல."

"நீங்க ஏதாவது..."

இவருக்குத் தெரியவில்லை, அதனால் என் வாயைக் கிண்டுகிறார் என்று அவள் முடிவு கட்டினாள். ஆனாலும் அவர் சொன்னபடி, சந்தடியில்லாத சின்ன அறையில் விட்டுப் பார்ப்போமே என்று சாமான் அறையில் பூனையை விட்டுக் கதவைச் சாத்தினாள்.

சாயங்காலம் முழுக்க அது கத்திய கத்தலில் கீழ்வீட்டு வாத்தியார் மாடியேறி வந்துவிட்டார்.

"பூனையை அடிக்கிறீங்களா?"

"நானா? அதுக்கு உடம்பு சரியில்லைங்க."

"வழக்கமா இப்படிக் கத்தாதே. குரலே வேற மாதிரி இருக்கு," என்று அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

குரல் மாறியிருப்பதை அவளும் கவனித்தாள். அப்படியானால் தொண்டையில்தான் ஏதோ. சிரித்த டாக்டர் வாய்வரைக்கும் பார்த்துவிட்டுத் தொண்டையை விட்டுவிட்டார். "வேணும்னே விட்டிருப்பார். முத்தினதும் திரும்பி வருவோம்ல," என்றாள். கணவர் எழுந்து போய்ப் பால் தட்டைக் கழுவினார். அதுவும் வழக்கமில்லை.

மூன்றாவது டாக்டருக்குக் கூட்டம் வாசலைத் தாண்டி நின்றது. இவ்வளவு கூட்டம் தானாகச் சேருமா, ஆள் வைத்து உட்காரவைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். நாய்கள் எல்லாம் நிஜமாகவே நோயாளிகளாகத்தான் தெரிந்தன. இந்த முறை ஒரு சோதனை வைப்பது என்று வந்திருந்தாள்.

"சொல்லுங்க, பூனைக்கு என்ன?" என்றார் டாக்டர். இளம்பெண், பேச்சில் அவசரம்.

"நீங்கதான் சொல்லணும்."

"சாப்பிடுதா?"

"பாத்துச் சொல்லுங்க."

டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி, வெளிய எடுங்க," என்றார்.

ஒற்றக்கா கூடைக்குள் கையை விட்டாள். நாலு வருஷமாக அவள் மடியில் தூங்கிய பூனை, யாரோ வழிப்பறிக்காரியிடம் மாட்டிக்கொண்டதுபோல் அவள் வலது கை ஆள்காட்டி விரலை நறுக்கென்று கடித்தது. பூனைக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்திலிருந்து, விரலில் கட்டோடும் அவளுக்கு ஊசி போடச் சொன்ன சீட்டோடும் வெளியே வந்தாள். பூனைக்கு ஒன்றுமில்லை என்று இந்த டாக்டரும் சொல்லிவிட்டார். பூனையின் சீட்டில் 'வயது: ஒன்றரை' என்று எழுதியிருந்தது.

"வயசுகூடப் பாக்கத் தெரியல. அஞ்சு நடக்குது இதுக்கு," என்று பஸ்ஸில் உட்கார்ந்து சிவப்புப் பேனாவை இடது கையில் பிடித்து, ஒன்றரையை அடித்து ஐந்து என்று திருத்தினாள். கோணலாகத்தான் வந்தது.

அந்தக் கோணல்தான் மறுநாள் அச்சகத்தில் வினையாகிவிட்டது. பூனை நினைப்பில் கண்ணும் கலங்கி, கையும் இடதாகி, கண் மருத்துவமனை ஒன்றின் அழைப்பிதழைப் பார்த்து அனுப்பினாள். மதியம் முதலாளி அச்சான ஐந்நூறில் ஒன்றைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

"படிங்க."

'எங்கள் கண் மருத்துவமனையின் இறப்பு விழாவிற்கு அனைவரும் வருக.'

"திறப்பு," என்றாள் மெதுவாக.

"ஆமா, திறப்பு. இருபது வருஷத்துல உங்க கையைத் தாண்டி ஒரு புள்ளி போனதில்ல. இப்போ ஒரு ஆஸ்பத்திரியையே சாகடிச்சிருக்கீங்க. என்னக்கா ஆச்சு?"

"பூனை சாப்பிடல."

முதலாளி அதற்குமேல் திட்டவில்லை. "ஒரு நல்ல டாக்டராப் பாருங்க. ரெண்டு நாள் லீவு எடுத்துக்குங்க," என்றார். அவர் நல்லவர். ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார் என்பதுகூட அவளுக்கு அன்று தோன்றவில்லை. அந்த அளவுக்கு உடைந்திருந்தாள்.

சனிக்கிழமை காலை கணவரின் வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தாள். பையில் கிரீஸ் படிந்த ஒரு சீட்டு இருந்தது. பாலத்துக்குப் பக்கத்திலுள்ள வளர்ப்புப் பிராணிகள் மருத்துவமனையின் சீட்டு. பின்பக்கம் பேனாவால், 'வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் தவறாமல் வரவும்' என்று எழுதியிருந்தது.

அவர் மூடிவிட்டதாகச் சொன்ன க்ளினிக் இதுவாகத்தான் இருக்க வேண்டும். போன வார வெள்ளிக்கிழமை அவள் தங்கை வீட்டில் இருந்தாள். கையெழுத்து பெண் கையெழுத்து. 'மணிக்குத்' என்று ஒற்றுகூடச் சரியாக விழுந்திருந்தது. அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது. கிரீஸ் கையும் நைந்த சட்டையுமாகத் திரியும் மனுஷனைப் பிழையில்லாமல் எழுதத் தெரிந்த ஒருத்தி வளைத்துப் போட்டிருக்கிறாள். சீப்பு நின்றது, தலையாட்டியது, பால் தட்டைக் கழுவியது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பாவம், பூனைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதனால்தான் சோறு தண்ணி இறங்கவில்லை.

போனை எடுத்தாள்.

"பாலத்துக்குப் பக்கத்துல ஒரு க்ளினிக் இருக்காமே. அங்க கொண்டுபோறேன்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்புச் சாமான் கீழே விழும் சத்தம் கேட்டது.

"அங்க மட்டும் வேணாம்."

"ஏன், மூடிட்டாங்களா?"

"ஆமா. இல்ல. நீ வீட்டுலயே இரு, நான் வர்றேன். சொன்னாக் கேளு."

அவள் போனை வைத்துவிட்டுக் கூடையை எடுத்தாள்.

க்ளினிக் திறந்துதான் இருந்தது. நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, சண்டைக்குத் தயாராகப் போனவள் பலகையைப் பார்த்ததும் தன்னையறியாமல் நின்றுவிட்டாள். 'நாய், பூனை, பறவைகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படும்.' ச் இருந்தது. வளர்ப்புக்குப் பக்கத்தில் ப் இருந்தது. முன்னறையில் மருந்து வாசனையோடு வெயில் விழுந்திருந்தது. சுவரோரம் கூண்டுகளில் யாராவது எடுத்து வளர்க்கக் காத்திருந்த தெரு நாய்க்குட்டிகளும் பூனைகளும் தூங்கின.

மேஜைக்குப் பின்னால் இருந்த உதவியாளருக்கு அறுபது வயதிருக்கும். நரைத்த தலை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்ட மூக்குக் கண்ணாடி, ஒரு காலில் வீக்கத்துக்குப் போட்ட கட்டு. ஒற்றக்கா அந்த அம்மாளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். வேறு பெண்கள் யாருமில்லை.

"இது யாரோட கையெழுத்துங்க?" என்று சீட்டை நீட்டினாள்.

"என்னுதுதான்மா. டாக்டர் எழுத்து அவருக்கே புரியாது. அதனால சீட்டெல்லாம் நான்தான் எழுதறது."

"வேற பொண்ணுங்க யாரும் வேலை செய்யலையா?"

"இருந்தா எனக்கு ஏன் கால் வீங்குது?"

ஒற்றக்காவுக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியதுபோல் இருந்தது. கூடையைத் திறக்கப் போனவளை அந்த அம்மாள் தடுத்தார்.

"திறக்காதீங்க. இவ்வளவு நாய்க்கு நடுவுல பயந்துடும். டாக்டர் கூப்பிடறப்போ உள்ள போய்த் திறந்துக்கலாம். அதோ, கதவுக்குப் பின்னால வெளிச்சம் படாத பெஞ்சுல உக்காருங்க. கூடை மேல துணியைப் போட்டு மூடிக்கங்க."

இதையல்லவா இத்தனை நாள் தேடினாள். சிரிக்கவில்லை, வாயைக் கிண்டவில்லை, பூனையின் பயத்தை முதலில் நினைத்தார். பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் கூடையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். இனி எல்லாவற்றுக்கும் இந்த இடம்தான் என்று மனசு தீர்மானித்துவிட்டது.

கூடவே கணவரை நினைத்து அழுகை வந்தது. தடுப்பூசி தேதியைக்கூட ஞாபகமாகக் கேட்டு வைத்துக்கொள்ளும் மனுஷர். தான் ஊரில் இல்லாதபோதும் பூனையைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அதைச் சொன்னால் இவள் பயந்துவிடுவாளே என்று மறைத்திருக்கிறார். அவரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே. ஊரில் உள்ளவர்கள் அத்தனை பேரையும் சந்தேகப்படலாம், ஒரு ஆளை மட்டுமாவது கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டும் என்று அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்து முடிவு செய்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது வாசல் கதவு தடாலென்று திறந்து பெஞ்சை மறைத்தது. கணவர்தான். கையில் ஸ்பானர், சட்டையெல்லாம் கிரீஸ், நாக்கு தள்ளுகிற மூச்சு. கதவுக்குப் பின்னால் இருந்தவளை அவர் பார்க்கவில்லை. நேராக மேஜைக்கு முன்னால் போய் நின்றார்.

உதவியாளர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிப் போட்டு அவரைப் பார்த்து, தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ன சார், இந்த வெள்ளைப் பூனையும் ஓடிப்போச்சா? நாலு வருஷத்துல உங்களுக்கு மூணு கொடுத்தாச்சு, இனிமே அதே மாதிரி ஒண்ணுக்கு நான் எங்க போறது?"