குடித்தனக்காரர் ரொம்ப நல்லவர்

"பழைய வூட்டு ஓனர்கிட்டேர்ந்து லெட்டர் வேணுமாம்பா" என்றான் கிஷோர்.

ஜெயராமன் வாயில் போட்ட இட்லியை மெல்லாமல் நிறுத்தினார். "எந்தப் பழைய வூடு? நீ பொறந்ததுலேர்ந்து இந்த வூட்லதானே இருக்கற?"

"அதத்தான் நானும் சொன்னேன். வாடகைக்கே இருந்ததில்லன்னா எப்படி நம்பறதுன்னு கேக்கறாங்க."

கிஷோரை வேண்டாம் என்று சொன்ன நான்காவது வீடு இது. நான்கும் டப்ளினில் இருந்தன. ஜெயராமன் இருந்தது ஜீவனஹள்ளியில். டப்ளினில் ஒரு வீடு காலியானால் நாற்பது பேர் விண்ணப்பம் போடுகிறார்களாம். அதில் யாரைக் கூப்பிடலாம் என்று பார்ப்பது ஓனர் இல்லை, அந்த ஊர் ஏஜென்ட். கம்பெனி வேலை கொடுத்தாயிற்று, விசா வந்தாயிற்று, தங்க இடம்தான் இல்லை. சேரும் தேதியை ஒரு தடவை தள்ளிப் போட்டாயிற்று. இந்த மாதக் கடைசிக்குள் அங்கே ஒரு முகவரி காட்டாவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வோம் என்று மெயில் வந்திருந்தது.

ஜெயராமன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். காரணம் இருக்கிறது. இருபத்தாறு வயதில் அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. விசா கையில் இருந்தது. வீட்டில் ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதார்கள், அவர் போகவில்லை. அவருக்குப் பதிலாகப் போன சிநேகிதர் அருண்குமார் இன்று மூன்று மாடி வீட்டின் மொட்டை மாடியில் நடைப்பயிற்சி செய்கிறார். ஜெயராமன் முப்பத்திரண்டு வருடம் போல்ட்டு நட்டு செய்யும் ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். இந்தக் கதை அந்தத் தெருவில் தெரியாதவர்கள் யாரும் இல்லை. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

ஆகவே டப்ளின் வேலைக் கடிதம் வந்த அன்று, கிஷோர் முதல் பாராவைப் படித்து முடிப்பதற்குள் ஜெயராமன் மைசூர்பாகு வாங்கி வந்து தெரு முழுக்கக் கொடுத்துவிட்டார்.

"சரிப்பா" என்றான் கிஷோர். அவன் எதற்கும் அவ்வளவுதான் பேசுவான்.

ஓனர் லெட்டர் விஷயத்தை ஜெயராமன் உமேஷிடம் கொண்டுபோனார். உமேஷ் அந்த வட்டாரத்தில் வாடகைக்கு வீடு பிடித்துக் கொடுக்கும் புரோக்கர். ஜீவனஹள்ளியிலும் காக்ஸ் டவுனிலும் எந்த வீடு எப்போது காலியாகும் என்பது குடியிருப்பவருக்குத் தெரியும் முன்பே அவனுக்குத் தெரியும். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், ஆபீஸ் ஸ்கூட்டர் சீட்.

"அண்ணா, டென்ஷன் பேடா, வேண்டாம்" என்றான் உமேஷ். "உங்க வூட்டுக்கு ஓனர் யாரு?"

"நான்தான்."

"கிஷோர் அந்த வூட்லதானே இருக்கான்?"

"ஆமா."

"ஆய்த்து. நீங்கதான் ஓனர், அவன் டெனன்ட். எழுதுங்க லெட்டரு."

"பெத்த பையனுக்கு நான் ஓனராடா?"

"இங்கயிருந்து டப்ளின் எவ்ளோ தூரம் அண்ணா? வந்து பாக்கவா போறாங்க?"

அன்று சாயங்காலம் ஜெயராமன் உட்கார்ந்து எழுதினார். 'திரு கிஷோர் என் வீட்டில் இருபத்தாறு வருடங்களாகக் குடியிருக்கிறார்' என்று ஆரம்பித்திருந்தார். உமேஷ் தலையில் அடித்துக்கொண்டான்.

"அண்ணா, அவனுக்கு வயசே இருபத்தாறு! பொறந்த கொழந்தைக்கு யாராவது வூடு குடுப்பாங்களா? மூணு வருஷம்னு போடுங்க."

போட்டார்கள். பிறகு இன்னொரு சிக்கல் கண்ணில் பட்டது. பாஸ்போர்ட்டில் பையன் பெயர் கிஷோர் ஜெயராமன். ஓனர் பெயரும் ஜெயராமன் என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். உமேஷ் ஒரு நிமிடம் யோசித்து, ஜெயராமனை இரண்டாக வெட்டி, ஜே. ராமன் என்று கையெழுத்துப் போடச் சொன்னான். அறுபது வருடமாக முழுசாக இருந்த மனிதர், மகனுக்காகப் பாதிப் பெயரோடு கையெழுத்துப் போட்டார்.

அந்தக் கடிதத்தோடு இன்னொரு டப்ளின் வீட்டுக்கு விண்ணப்பம் போனது. நான்கு நாளில் பதில் வந்தது. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

"வெறும் லெட்டர்னா யார் வேணா எழுதலாம்ல" என்றான் உமேஷ். "ரெண்ட்டல் அக்ரிமென்ட் ஒண்ணு கூட வெச்சா கெத்தா இருக்கும்."

அவனிடம் தயாராக ஒரு அக்ரிமென்ட் இருந்தது. வேறு யாரோ ஓனருடையது. பெயர்களை மட்டும் மாற்றி, ஸ்டாம்ப் பேப்பரில் அச்சடித்துக்கொண்டு வந்துவிட்டான். சாட்சிக் கையெழுத்துக்கு ஜெயராமனின் மனைவி பாஞ்சாலி கூப்பிடப்பட்டாள். அவள் மீன் வறுத்துக்கொண்டிருந்த கையோடு வந்தாள்.

"இன்னா எழுதியிருக்குது இதுல?"

கிஷோர் படித்துச் சொன்னான். "குடித்தனக்காரர் வீட்டில் மாமிசம் சமைக்கக் கூடாது."

பாஞ்சாலி அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பறம்?"

"உறவுக்காரங்க வந்து தங்கக் கூடாது. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. காலி பண்ணும்போது பெயின்ட் அடிச்சுக் குடுக்கணும்."

"ஏங்க, புள்ளைய வெளிநாட்டுக்கு அனுப்பறீங்களா, ஜெயிலுக்கு அனுப்பறீங்களா?" என்றாள் பாஞ்சாலி. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். ஸ்டாம்ப் பேப்பரில் எண்ணெய் பட்டது.

அந்த எண்ணெயால் வந்த வினை ஒன்றுமில்லை. வினை அச்சில் இருந்தது. பழைய அக்ரிமென்டில் 'முதல் மாடி' என்று இருந்ததை மாற்ற உமேஷ் மறந்துவிட்டான். ஜெயராமன் வீட்டு முதல் மாடியில் பன்னிரண்டு வருடமாகக் குடியிருப்பவர் லாயிட். பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லிக்கொடுப்பவர், வம்பு தும்புக்குப் போகாதவர். அவர் வாசலில் செருப்பு மாட்டும்போது, ஸ்டூலின் மேல் காய வைத்திருந்த அக்ரிமென்ட் கண்ணில் பட்டது.

மறுநாள் காலையில் லாயிட் படியில் நின்று பேசினார். "பன்னெண்டு வருஷம் இருந்திருக்கேன். மாடி போர்ஷன பையனுக்குக் குடுக்கணும்னா என் மூஞ்சியப் பாத்து சொல்லியிருக்கலாம் மிஸ்டர் ஜெயராமன்."

"ஐயோ, அது சும்மா லாயிட்! டப்ளினுக்கு!"

"டப்ளின் போறவனுக்கு என் வீடு எதுக்கு?"

இதற்கு ஜெயராமனிடம் சுருக்கமான பதில் இல்லை. நீளமான பதிலைச் சொல்லி முடிப்பதற்குள் லாயிட் போய்விட்டார். அன்றிலிருந்து மாடியில் பெட்டிகள் இழுபடும் சத்தம் கேட்டது. கடிதத்தோடு அக்ரிமென்டும் வைத்து அனுப்பிய இரண்டாவது வீடும் கை நழுவியது.

"லெட்டர்ல உசிரு இல்ல அண்ணா" என்றான் உமேஷ், கொஞ்சமும் அசராமல். "நல்லவர், வல்லவர்னு நாலு வார்த்தை வேணும். புகழ்ந்து தள்ளுங்க."

புகழ்வது ஜெயராமனுக்குப் பழக்கமில்லாத வேலை. பையன் தொண்ணூற்றைந்து மார்க் வாங்கி வந்தபோது மீதி ஐந்து எங்கே என்று கேட்டவர் அவர். அப்படிக் கேட்பதுதான் வளர்ப்பு என்று நினைத்தார், அந்தத் தெருவில் பல அப்பாக்கள் அப்படித்தான் நினைத்தார்கள். இப்போது அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, கிஷோர் லேப்டாப்பில் ஆங்கிலத்தில் தட்டினான்.

"குடிக்க மாட்டார். சிகரெட் பிடிக்க மாட்டார்."

தட்டினான்.

"காவேரித் தண்ணி வர்ற நாளு, சொல்லாமலே எழுந்து மோட்டார் போடுவார்."

"மோட்டார்லாம் அவங்களுக்குப் புரியுமாப்பா?"

"எழுதுடா. வெளியே போனா எங்க போறோம்னு சொல்லிட்டுப் போவார். யார் மனசும் நோவற மாதிரி பேச மாட்டார். எனக்கு... ஓனருக்கு உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருந்தப்ப, லீவு போட்டுட்டு பதினொரு நாள் பக்கத்துலயே இருந்தார். இந்த மாதிரி ஒருத்தர் கிடைக்கறதுக்கு ஓனர் குடுத்து வெச்சிருக்கணும்."

தட்டும் சத்தம் நின்றது. கிஷோர் திரையைப் பார்த்தபடியே கேட்டான். "இதெல்லாம் நெஜமாவே நினைக்கறியாப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்கு ஸ்டாம்ப் பேப்பர் கூடத் தேவையில்லை. ஆனால் ஜெயராமனுக்குக் கூச்சம் வந்துவிட்டது.

"லெட்டருக்குடா" என்றார். "அனுப்பு."

"சரிப்பா" என்றான் கிஷோர்.

பின்னால் இதை நினைத்து ஜெயராமன் பல தடவை வருத்தப்பட்டார். அன்று அவர் வருத்தப்பட்டது மூன்றாவது வீடும் கிடைக்கவில்லையே என்றுதான். ஆனால் இந்தத் தடவை பதிலோடு ஒரு வரி கூட இருந்தது. ஏஜென்ட் யூனிஸ் என்ற பெண்மணி, இன்னொரு வீடு இருக்கிறது, முடிவெடுக்கும் முன் ஓனரோடு வீடியோவில் பேச வேண்டும் என்று கேட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. மாதக் கடைசிக்கு மூன்று நாள் பாக்கி.

வெள்ளிக்கிழமை மதியமே வீடு நாடக மேடையாக மாறியது. சுவரில் இருந்த குடும்பப் படம் கழற்றப்பட்டுக் கட்டிலுக்கடியில் போனது. பாஞ்சாலி சமையலறையை விட்டு வரக் கூடாது என்று உத்தரவு. கிஷோர் மொட்டை மாடிக்கு அனுப்பப்பட்டான். அவன் படி ஏறுவதைப் பார்த்த லாயிட், போர்ஷனை அளவெடுக்க வருகிறான் என்று நினைத்துக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். உமேஷ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

சரியாக நான்கு மணிக்கு யூனிஸ் வந்தாள். ஐம்பது வயதிருக்கும், கண்ணாடி, நரைத்த குட்டை முடி. பேச்சு முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது. ஜெயராமனின் ஆங்கிலம் ஃபாக்டரியில் கற்றது, அளவெடுத்துத்தான் வெளியே வரும். இங்கே தமிழில் சொன்னால் போதும்.

"திரு ராமன், வாடகை ஒழுங்காகக் கொடுப்பாரா?" என்று கேட்டாள் யூனிஸ்.

"சம்பளம் வந்த அன்றே வந்துவிடும். நான் கேட்டதே கிடையாது." இது உண்மைதான். கிஷோர் சம்பளத்தை அப்படியே பாஞ்சாலியிடம் கொடுப்பவன்.

"சத்தம் போடுவாரா? பாட்டு, பார்ட்டி?"

"சத்தமே இருக்காது, மேடம். வீட்டில் இருக்கிறாரா என்று நாம்தான் எட்டிப் பார்க்க வேண்டும்."

"ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் உங்களோடு இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்களே. குடித்தனக்காரரா இருந்தார்?"

"குடித்தனக்காரர்தான்." ஜெயராமன் போனுக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "வாயில் கஞ்சி ஊட்டிவிட்டார். தலைவாரிவிட்டார்."

உமேஷ் போனுக்குப் பின்னாலிருந்து, போதும் போதும் என்று கையைக் காட்டினான். ஜெயராமன் பார்க்கவில்லை.

"இவர் போன பிறகு அந்த அறைக்கு யாரை வைப்பீர்கள்?"

"யாரையும் வைக்க மாட்டேன்" என்றார் ஜெயராமன். சொன்ன பிறகுதான் அந்த அறை காலியாகக் கிடக்கும் என்பதே அவருக்கு உறைத்தது. இத்தனை நாளும் டப்ளினில் ஒரு அறைக்காக அலைந்தவர், இங்கே ஒரு அறை காலியாவதைப் பற்றி யோசிக்கவே இல்லை. கண் கலங்கியது. சமையலறையில் பாஞ்சாலி மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

யூனிஸ் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

"திரு ராமன், நான் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கடிதம் கொடுத்த மூன்று வீடுகளும் எங்கள் ஆபீஸ் வீடுகள்தான். மூன்றுக்கும் இவரை வேண்டாம் என்றது நான்தான். உங்கள் கடிதம் வரவர அழகாகிக்கொண்டே போனது. எனக்குச் சந்தேகமும் வளர்ந்துகொண்டே போனது."

"என்ன சந்தேகம், மேடம்?"

"இவ்வளவு நல்லவரை ஏன் காலி செய்யச் சொல்கிறீர்கள்?"

"நானா?" ஜெயராமன் பதறிப்போனார். "நான் எங்கே காலி செய்யச் சொன்னேன்? நல்ல வேலை கிடைத்திருக்கிறது, அவராகத்தான் புறப்படுகிறார்!"

யூனிஸ் மேஜையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். "இப்போது இருக்கும் வீட்டை விட்டு ஏன் போகிறீர்கள் என்று எங்கள் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. மூன்று தடவையும் இவர் எழுதிய பதில் ஒன்றுதான், படிக்கிறேன், கேளுங்கள்: 'எனக்குப் போக இஷ்டமில்லை. ஓனர்தான் போகச் சொல்கிறார்.'"