அழுங்கு போட்ட முழுத் துளை

ஒரு காட்டில் அடைக்கலம் என்றோர் அழுங்கு, பார்த்தவர் கண்ணெல்லாம் படும்படி சொந்த வீடு கட்டிக் குடிபோனது. அழுங்கு என்பது உடம்பெல்லாம் ஓட்டுக்கூரை போலச் செதில் அடுக்கிய பிராணி. எறும்பும் கறையானும் தின்னும். பயம் வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நீதிக்கதைகளில் அதற்கு இதுவரை சரியான இடம் கிடைத்ததில்லை. நல்ல வேடங்களையெல்லாம் சிங்கமும் நரியும் காக்கையும் பரம்பரையாக வைத்துக்கொண்டிருக்கின்றன. அதோடு, ஆபத்து வந்ததும் சுருண்டு படுத்துவிடும் ஒரு பிராணியை வைத்து என்ன நீதியைச் சொல்வது என்று முன்னோர்கள் தயங்கியும் இருக்கலாம்.

வீட்டைக் கட்டிக் கொடுத்தவை கறையான்கள். வேலை முடியும்வரை மேஸ்திரியையோ சித்தாள்களையோ தின்பதில்லை என்று அடைக்கலம் வாக்குக் கொடுத்திருந்தது. சொன்ன சொல்லையும் காப்பாற்றியது. வேலை முடிந்தபிறகு மேஸ்திரியைக் காட்டில் யாரும் பார்க்கவில்லை. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தம் உள்ளது சுவருக்குத்தான். அது காய்ந்து கருங்கல்லாக இறுகிவிட்டது. ஆணி வைத்து அடித்தால் ஆணி வளைந்தது. குன்றையே நகத்தால் குடையும் அடைக்கலத்தால் தன் வீட்டுச் சுவரில் ஒரு கீறல் போட முடியவில்லை.

கிரகப்பிரவேசத்துக்கு வந்த விலங்குகள் அந்தக் காட்டு வழக்கப்படி ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொண்டுவந்தன. சூரியனைப் பார்த்து எழுந்து சூரியனைப் பார்த்து அடங்கும் பிராணிகளுக்குக் கடிகாரம் எதற்கு என்று கேட்கக்கூடாது. கடிகாரம் கொடுப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். மணி பார்ப்பது அதன் உபதொழில். காட்டெருமை ஒன்று கொடுத்தது. கீரி ஒன்று கொடுத்தது. முள்ளம்பன்றி, தன் கல்யாணத்துக்கு வந்ததைக் காகிதம் மாற்றிச் சுற்றிக் கொடுத்தது. எல்லாம் கட்டிலுக்கு அடியில் போயின.

அவற்றில் இரண்டு மட்டும் சாதாரணக் கடிகாரங்கள் அல்ல. ஒன்று மாமனார் பூவலிங்கம் கொடுத்தது. கண்ணாடிக் கதவும் ஊசலும் உள்ளது, எப்போதும் கொஞ்சம் வேகமாக ஓடும். பழுது ஒன்றுமில்லை, மாமனாரின் கொள்கை அது. மற்றொன்று அக்கா மரகதம் கொடுத்தது. அதில் இரண்டு அன்னங்கள் நொடிக்கு நொடி தலையாட்டும். அம்மாவைச் சிறுத்தை கொண்டுபோன பிறகு, குட்டியாயிருந்த அடைக்கலத்தைத் தன் வாலில் ஏற்றிச் சுமந்து வளர்த்தது அக்காதான்.

இரண்டு பேருக்கும் தங்கள் கடிகாரம் வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் தொங்க வேண்டும் என்று எண்ணம். நுழைந்ததும் கண்ணில் படும் சுவர் ஒரு வீட்டில் ஒன்றுதான் இருக்கும். கறையான்கள் அதை இரண்டாகக் கட்டித் தரவில்லை.

ஒரு நாள் மாமனார் வந்தது. உட்காருவதற்கு முன்னாலேயே கேட்டது.

"என்ன மாப்பிள்ளை, கடிகாரத்தைக் காணோம்?"

"சுவத்துல ஆணி இறங்கல மாமா. டிரில் வாங்கித்தான் மாட்டணும். எது நல்லதுன்னு பாத்துட்டு இருக்கேன்."

மாமனாரின் முகம் மலர்ந்தது. "பாருங்க, பாருங்க. நாலு எடத்துல விசாரிச்சு வாங்குங்க. ஒயர் வெச்சது வேண்டாம், காலைச் சுத்தும். பேட்டரி வெச்சதா வாங்குங்க. அதுலயும் ரெண்டு பேட்டரி இருக்கணும். ஒண்ணு ஓடுறப்போ ஒண்ணு சார்ஜுல கெடக்கும்."

அடுத்த வாரம் அக்கா வந்தது. "டேய், நான் குடுத்த அன்னம் எங்கடா?"

அதே பதில்.

"அதுவும் சரிதான். அவசரப்படாதடா தம்பி. சும்மா சுத்துறதை வாங்கிட்டு வந்துடாத. குத்திக்கிட்டே சுத்துறது ஒண்ணு இருக்காம். உன் செவுத்துக்கு அதுதான் லாயக்கு."

இப்படி இரண்டு தரப்பும் மனநிறைவோடு ஈசல் வறுவல் தின்றுவிட்டுப் போயின. மறுபடி வந்தன, மறுபடி கேட்டன, மறுபடி ஆலோசனை சொல்லிவிட்டுப் போயின. அடைக்கலமும் உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தது. பன்னிரண்டு வோல்ட் என்றால் கைக்கு இலகு, சுவருக்குப் போதாது. பதினெட்டு வோல்ட் சுவருக்குப் போதும், மணிக்கட்டு விட்டுப்போகும். மோட்டாரில் கார்பன் பிரஷ் இருந்தால் விலை குறைவு, இல்லாவிட்டால் ஆயுள் அதிகம். இதையெல்லாம் தண்ணீர்த்துறையில் நின்று அடைக்கலம் விளக்கும்போது, தாகத்துக்கு வந்த மான்கள் குடிக்க மறந்து கேட்டன. ஒரு புலியும் கேட்டுக்கொண்டிருந்ததால் அன்று மான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. படிப்பின் பயன் இப்படி எதிர்பாராத இடத்திலும் தென்படும்.

மனைவி வடிவுக்கு மட்டும் இந்தப் படிப்பில் மரியாதை இல்லை.

"காட்டுல இருக்கிற அத்தனை டிரில்லும் தெரியுது. ஒரு துளை போடத் துப்பு இல்ல."

"போடணும் வடிவு. தப்பானதை வாங்கிட்டா?"

"கட்டிலுக்கு அடியில படுத்துப் பாருங்க, தெரியும். ஒண்ணொண்ணா பன்னண்டு அடிக்க ஆரம்பிச்சா, முடிக்கிறதுக்குள்ள ஒரு மணி ஆயிடுது. பெருக்கவும் முடியல. இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள சுவத்துல ஒண்ணு தொங்கல, எல்லாத்தையும் குரங்குங்ககிட்ட குடுத்துடுவேன்."

குரங்கு கையில் கிடைத்த கடிகாரத்தின் கதி எல்லோருக்கும் தெரியும். அடைக்கலம் கடைக்குப் புறப்பட்டது.

கடை வைத்திருந்தது பச்சோந்தி. டிரில்கள் கம்பெனிக்கொரு நிறத்தில் வருவதால், அந்தத் தொழிலுக்கு அதைவிடப் பொருத்தமான பிராணி வேறில்லை.

"வீட்டு உபயோகத்துக்கா சார்? அப்போ மஞ்சள்தான்" என்று சொல்லிக்கொண்டே அது மஞ்சளாகியது.

"பச்சை எப்படி?"

"எங்க வீட்டுலயே பச்சைதான் சார் வெச்சிருக்கேன்" என்றபோது முழுப் பச்சை.

"நீலத்துல, குத்திக்கிட்டே சுத்துறது, ரெண்டு பேட்டரியோட இருக்கா?"

பச்சோந்தி வாலிலிருந்து நீலமாகத் தொடங்கியது. "மனசுல இருக்கிறதைச் சொல்லிடறேன் சார். நீலம்தான். அதுல குறைன்னு ஒண்ணு இருந்தா எடுத்துட்டு வாங்க, வாபஸ் வாங்கிக்கறேன்."

அடைக்கலம் பிடித்துப் பார்த்தது, தட்டிப் பார்த்தது, விசையை அழுத்தி உறுமவிட்டுப் பார்த்தது. குறை ஒன்றும் தென்படவில்லை. வாங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து, எதிர்ச் சுவரின் நடுமையத்தில் கரியால் புள்ளி வைத்து, கால்களை அகட்டி நின்று அழுத்தியது. காடே அதிர்ந்தது. இத்தனை மாதம் ஆணியைத் துப்பிய சுவர், வெண்ணெய்க் கட்டி போல உள்ளே வாங்கிக்கொண்டது. துளை சுத்தமாக, வட்டமாக, வேண்டிய ஆழத்துக்கு விழுந்தது. பிளாஸ்டிக் பிளக் கச்சிதமாக உட்கார்ந்தது. அடைக்கலத்துக்குத் தன் திருமணத்தன்றுகூட இவ்வளவு மகிழ்ச்சி இருந்ததா என்று சந்தேகம் வந்தது. வடிவிடம் கேட்க வேண்டிய சந்தேகம் இல்லை என்பதால் விட்டுவிட்டது.

வடிவு கட்டிலடியில் தலையை விட்டுக் கேட்டது. "எதை எடுக்கட்டும்? எங்கப்பாவோடதுதானே?"

அடைக்கலம் துளையைப் பார்த்தது. துளை அடைக்கலத்தைப் பார்த்தது.

இவ்வளவு காலமாக அது டிரில்லைப் பற்றி யோசித்த அளவில் நூறில் ஒரு பங்குகூடக் கடிகாரத்தைப் பற்றி யோசித்ததில்லை. கட்டிலடியில் எந்தக் கடிகாரமும் இன்னொன்றுக்கு மேலே இல்லை. சுவரில் துளை இல்லாதவரை அக்காவும் உசத்தி, மாமனாரும் உசத்தி. இப்போது துளை இருக்கிறது, அதுவும் ஒன்று.

பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. டிரில் சத்தம் ஓடைக்கு அப்பாலும் கேட்டிருந்தது, மலைக்கு அப்பாலும் கேட்டிருந்தது. அக்காவும் மாமனாரும் ஒரே நேரத்தில் படியேறின.

"பாத்தியா வடிவு, எதிர்ச் சுவத்துலயே போட்டிருக்கான் என் தம்பி" என்றது அக்கா.

"வாங்கம்மா, நீங்களும் வந்துட்டீங்களா. நம்ம கடிகாரத்தை மாட்டுறதை நாலு பேர் பாத்த மாதிரி இருக்கும்" என்றது மாமனார்.

"உங்க கடிகாரமா? அது நல்ல பெரிசாச்சே மாமா. அடுக்களையில மாட்டினா எடம் நெறைஞ்சு இருக்கும்."

"உங்களோட அன்னம் தலையாட்டிக்கிட்டே இருக்கும்மா. குழந்தைங்க இருக்கிற ரூம்ல மாட்டினா வேடிக்கை பாக்கும்."

"இவங்களுக்குத்தான் இன்னும் குழந்தையே இல்லையே மாமா."

"பொறக்கட்டும். அதுவரைக்கும் பத்திரமா எடுத்து வெச்சிருக்கட்டும்."

அடைக்கலம் தொண்டையைச் செருமியது. "இன்னொரு துளை போட்டு, பக்கத்துல பக்கத்துல ரெண்டையும்..."

"போடலாம் மாப்பிள்ளை" என்றது மாமனார் மிகவும் அன்பாக. "ரெண்டும் ரெண்டு மணி காட்டும். வர்றவன் எது சரியான மணின்னு கேப்பான். நீங்க எதைக் காட்டுவீங்க?"

"சொல்லுடா" என்றது அக்கா. "எதைக் காட்டுவ? உன்னைச் சுமந்த வால்டா இது. இன்னும் வலி போகல. அந்தக் கெழட்டு ஊசல் இங்க தொங்கினா, இந்தப் படியை நான் இனிமே மிதிக்க மாட்டேன்."

மாமனார் தன் மகள் பக்கம் திரும்பியது. "வடிவு, துணியை எடுத்து வெச்சுக்கம்மா. நம்ம வீட்டுல வந்து கொஞ்ச நாள் இரு. மாப்பிள்ளை மணி பாத்துச் சொல்லட்டும்."

வடிவு கட்டிலடியிலிருந்து ஊசல் கடிகாரத்தை வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொண்டது.

ஒரு பக்கம் வளர்த்த அக்கா, இன்னொரு பக்கம் வாழ வந்த மனைவி. எது போனாலும் வீட்டில் பாதி போய்விடும். இந்த இடத்தில் பழங்கதைகளில் ஒரு நரி வந்து யோசனை சொல்லும். இங்கே நரி வரவில்லை. அடைக்கலம் தன் குலத்துக்குத் தெரிந்த ஒரே யோசனைப்படி, டிரில்லோடு பந்தாகச் சுருண்டுகொண்டது.

மூன்றும் பந்தைச் சுற்றி நின்றன. மாமனார் தட்டிப் பார்த்தது. அக்கா உருட்டிப் பார்த்தது.

கொஞ்ச நேரம் கழித்துப் பந்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"மிஷின் சரியில்ல."

"என்னது?"

"மிஷின் சரியில்ல மாமா. துளை அகலமா விழுந்துடுச்சு. கடிகாரத்தை மாட்டினா பொத்துன்னு விழும். திருப்பிக் குடுத்துட்டு வேற பாக்கணும்."

மாமனார் நெற்றியில் அடித்துக்கொண்டது. "நான் அன்னைக்கே சொன்னேனே! கடையில ஓட்டிப் பாத்து வாங்குங்கன்னு சொன்னேனா இல்லியா?" அப்படி அது சொன்னதே இல்லை.

"நீலத்தைப் பாத்ததுமே எனக்குப் பிடிக்கல மாமா" என்றது அக்கா. "இவனுக்குச் சின்னதுலேருந்தே பொருள் வாங்கத் தெரியாது. எவன் எதைக் குடுத்தாலும் வாங்கிட்டு வந்துடுவான்."

"ஏமாளிம்மா. நல்ல மனசு, ஆனா ஏமாளி."

"அதைச் சொல்லுங்க."

இரண்டும் அருகருகே உட்கார்ந்து, மிஷினைத் திட்டின; கம்பெனியைத் திட்டின; பச்சோந்தியின் பரம்பரையைத் திட்டின. வடிவு ஈசல் வறுத்து வைத்தது. பந்து மெல்ல அவிழ்ந்து தானும் கொஞ்சம் தின்றது. புறப்படும்போது, ஓடைப் பாதை வழுக்கும் என்று மாமனாரே அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் அக்கரையில் விட்டது. அவை அவ்வளவு ஒற்றுமையாக நடந்து போனதை அடைக்கலத்தின் கல்யாணத்தில்கூட யாரும் பார்த்ததில்லை.

வடிவு சுவரருகே போய்த் துளைக்குள் நகத்தை விட்டுப் பார்த்தது.

"துளை சரியாத்தானே இருக்கு?"

"இருக்கு."

வடிவு புருஷனை ஏற இறங்கப் பார்த்தது. மடியிலிருந்த ஊசல் கடிகாரத்தைக் கட்டிலடியில் தள்ளியது. பிறகு ஈர மண் பிசைந்து எடுத்து வந்து, துளையை அடைத்து வழவழவென்று மெழுகிவிட்டது. "காலையில போய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க" என்றது.

காலையில் பச்சோந்தி மிஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. "என்ன சார் குறை?"

"ஒண்ணும் இல்ல. பிரமாதமா துளை போடுது."

"ஓ" என்றது பச்சோந்தி. "மாட்ட வேண்டியது ரெண்டு பேர் குடுத்ததா சார்?"

அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டது.

பச்சோந்தி கடைக்கு உள்ளே போய், தூசி தட்டி ஒரு டிரில்லைக் கொண்டுவந்து வைத்தது. அதற்கு நிறமென்று சொல்ல ஒன்றுமில்லை. பச்சோந்தியும் முதல் தடவையாகத் தன் சொந்த நிறத்தில் இருந்தது. அது என்ன நிறம் என்று அடைக்கலம் கவனித்திருந்தால் நமக்கும் தெரிந்திருக்கும்.

"உண்மையான வீட்டு உபயோக மாடல் இதுதான் சார். கேட்டு வர்றவங்களுக்கு மட்டும் காட்டறது. நல்லா உறுமும். தூசி பறக்கும். சரியா பாதித் துளையில பேட்டரி நின்னுடும்."

"மறுபடி சார்ஜ் போட்டா?"

"ஏறும். ஆனா ஏறி முடிக்கிறதுக்குள்ள வந்தவங்க சாப்பிட்டுக் கெளம்பிடுவாங்க. அவங்க போனதும் பாதித் துளையை மண்ணு வெச்சு அடைச்சிருங்க. அடுத்த தடவை வர்றப்போ அவங்க கண்ணு முன்னாடியே முதல்லேருந்து போடுங்க."

"எத்தனை நாளைக்கு உத்தரவாதம்?"

"பேட்டரி சரியாயிட்டா எடுத்துட்டு வாங்க சார். மாத்தித் தரேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வரும் உறவுக்குக் குறைவில்லை. மாமனார் வந்தால் அடைக்கலம் உடனே எழுந்து டிரில்லை எடுக்கும். சுவர் அதிரும், தூசி பறக்கும், பாதியில் நிற்கும். மாமனார் அந்தக் குழியில் நகத்தை விட்டுப் பார்த்து, "பாதி வந்துடுச்சே மாப்பிள்ளை!" என்று பூரித்துப் போகும். அக்கா வந்தால், "இவ்வளவு போட்டவன் மீதியைப் போட மாட்டானா, இரு, அன்னத்துக்குத் தூசி தட்டி வெக்கறேன்" என்று கட்டிலடியில் குனியும். எதிர்ச் சுவர் இன்றுவரை வெறுமையாக இருக்கிறது. அதைப் பார்க்கும் இருவருக்கும் அங்கே தங்கள் கடிகாரம் தெரிகிறது.

நீதி: வீட்டு உபயோகத்துக்கு டிரில் வாங்குவோர் வோல்ட்டைப் பார்க்க வேண்டாம், பேட்டரியைப் பார்க்கவும். முழுத் துளை போடும் பேட்டரி குடும்பத்துக்கு ஆகாது.