எடை மேடை ஏறிய தாய் வீடு

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஓடுகிற சாலையில், எதைப் பார்த்தாலும் உடனே அதன் எடையைச் சொல்லிவிடக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருந்தார். சொன்ன எடை சரியாக இருக்குமா என்றால், பெரும்பாலும் இருக்காது. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "பொருள்ல ஏதோ கோளாறு" என்பார்.

ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் சாலையோரமாக ஒரு எடை மேடை இருந்தது. கரும்பு, சவுக்கு, நெல் ஏற்றிவரும் லாரிகளை அப்படியே நிறுத்தி எடை போடும் இடம். அதைப் பார்த்துக்கொண்டவர்தான் நெட் வெயிட் மாமா. சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். வாக்காளர் அட்டையைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எதிரே இருந்த லாரி புக்கிங் ஆபீசில் நான் குமாஸ்தா. சுனாமி வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம்.

லோடோடு நிற்கும் லாரியின் எடை கிராஸ், காலி லாரியின் எடை டேர், கழித்தால் மிஞ்சுவது நெட். உலகத்தையே அவர் இந்த மூன்றில் அடக்கிவிட்டார். ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால், "கிராஸ் ஏகப்பட்டது மாப்ள. பந்தலு, பேண்டு, லைட்டுன்னு டேரே ஜாஸ்தி. நெட்டுன்னு பாத்தா ஒரு கரண்டி பிரியாணிதான்" என்பார்.

ஒருமுறை சிதம்பரம் தேரோட்டத்துக்கு என்னைக் கூட்டிப்போனார். ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரே ஒரு தரம் இத நம்ம மேடையில ஏத்திட்டா மனசு ஆறிடும் மாப்ள."

"சாமியோடவா, சாமி இல்லாமலா மாமா?"

"ரெண்டும் போட்டாத்தான நெட் தெரியும்?"

அப்பேர்ப்பட்டவருக்கு மருமகனிடமிருந்து ஒரு போன் வந்தது. மாமாவுக்கு ஒரே மகள், செல்வி. அவள் புருஷனுக்கு லட்சத்தீவில், அகத்தி என்கிற தீவில் அரசாங்க வேலை. செல்விக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வருவதாக இருந்தவளை, அலையவே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். அங்கே மழைக்காலம் தொடங்கிவிட்டதால் கப்பலையும் நம்ப முடியாது. கொச்சியிலிருந்து விமானம் ஒன்று வருகிறது, நீங்களும் அத்தையும் அதில் வந்துவிடுங்கள் என்றார் மருமகன்.

"ஆனா மாமா, ரொம்பச் சின்ன ப்ளேன். பொட்டிய மட்டும் இல்ல, ஆளையும் எட போட்டுத்தான் ஏத்துவாங்க."

மாமா சாலையைக் கடந்து என்னிடம் ஓடிவந்தார். "ஆள எட போடறாங்களாம் மாப்ள. இப்பத்தான் ஒரு ஒழுங்கான தொழில கேள்விப்படறேன்."

அன்றிலிருந்து விமானத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. லோடை முன்னால் வைப்பார்களா, பின்னால் வைப்பார்களா? பைலட்டையும் எடை போடுவார்களா, இல்லை டேரிலேயே சேர்த்துவிடுவார்களா? கூரையில் மூட்டை ஏற்றினால் கயிறு கட்டுவது யார்? எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்டார். நான் அதுவரை விமானத்தை அண்ணாந்து பார்த்ததோடு சரி.

என் லட்சணம் தெரிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர்காரர், வானத்திலிருந்து எடுத்த மேகப் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து காட்டினார். அரபிக் கடல் முழுக்க வெள்ளையாக மொய்த்துக் கிடந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"இது எத்தன டன் இருக்கும் சார்?"

சென்டர்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

உண்மையான சிக்கல் அத்தைதான். சுனாமிக்குப் பிறகு அத்தை கடல் இருக்கிற திசையில் தலைவைத்துப் படுப்பதில்லை. போதாததற்கு மழை வேறு. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. ஆனி வெயிலில் இங்கே மண்டை பிளக்கும்போது எங்கோ ஓரிடத்தில் கொட்டித் தீர்க்கிறது என்பதே அவருக்கு நல்லதாகப் படவில்லை.

"பாரம் ஜாஸ்தியாயி கடல்ல வுழுந்துட்டா இன்னா பண்றது?" என்று மகளை நினைத்து ஒரு மூச்சு அழுதார், கடலை நினைத்து ஒரு மூச்சு அழுதார். போகாமலும் இருக்க முடியாது, போகவும் முடியாது. பார்க்கப் பாவமாக இருந்தது.

ஆனால் அழுதுகொண்டே மூட்டையும் கட்டினார். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாது என்றால் தாய் வீடுதானே மகளிடம் போக வேண்டும்? வளைகாப்புக்கு வளையல் பெட்டி, பிரசவ லேகியம், பிள்ளைக்குப் பழைய வேட்டித் துணி, முறுக்கு, புளிக்காய்ச்சல், வடகம், அந்த ஊரில் என்ன இருக்குமோ என்று ஒரு சின்ன இடிகல். மழை ஊராச்சே என்று மாமா தன் பங்குக்கு லாரிக்குப் போடும் தார்ப்பாய் ஒன்றைச் சேர்த்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எடை மேடைக்கு வந்தது. கரும்பு லாரிகள் வரிசையில் காத்திருக்க, முதலில் லேகிய டின் ஏறியது. மேடையின் நடுவில் தனியாக உட்கார்ந்திருந்தது. எந்திரம் ஜீரோ காட்டியது. வளையல் பெட்டி, ஜீரோ. முறுக்கு, ஜீரோ. பத்துக் கிலோவுக்குக் கீழே எதை வைத்தாலும் அந்த மேடை அசைந்துகொடுக்காது. தார்ப்பாய்க்கு மட்டும் பத்து காட்டியது. ஒவ்வொன்றுக்கும் சீட்டு அடித்து அத்தையின் கையில் கொடுத்தார் மாமா.

"எல்லாத்தையும் சேத்து ஒரே தடவயா வைங்க மாமா" என்றேன்.

"தனித்தனியா ஜீரோன்னா சேத்து வச்சாலும் ஜீரோதான மாப்ள. நீ கணக்கு படிச்சவன்தான?"

அத்தை சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப பாரமே இல்லன்றீங்க?"

"மேடை பொய் சொல்லுமா? லாரிக்கே தெரியாத எட, ப்ளேனுக்கா தெரியப் போவுது?"

அத்தையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. அத்தனை வருஷம் அதே மேடையில் உட்கார்ந்திருந்த மாமாவுக்கு அதன் குணம் தெரியாதா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

எனக்கு மலையாளம் வரும் என்று மாமாவாக முடிவு கட்டியிருந்தார். கேரளா லாரி டிரைவர்களோடு நான் பேசியதைக் கேட்டிருக்கிறார். அதனால் மூட்டை தூக்க நானும் கொச்சி வரை போனேன். கொச்சியில் மழை ஊற்றியது. விமான நிலையத்தில் பார்வையாளர் சீட்டு வாங்கிக்கொண்டு அவர்களோடு உள்ளே நுழைந்தேன்.

அங்கிருந்த எடை எந்திரத்தைக் கண்டதும் மாமாவுக்கு வாயெல்லாம் பல். "பொட்டுத் தூசி வுழுந்தாகூட காட்டும்போல மாப்ள" என்று பூரித்தார். மூட்டைகள் ஏற ஏறப் பூரிப்பு இறங்கியது. ஜீரோக்களெல்லாம் சேர்ந்து ஒரு ஆள் கனம் வந்துவிட்டிருந்தது.

கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக எடுத்துச் சொன்னார். தீவில் மழை. இறங்க முடியாவிட்டால் திரும்பி வருவதற்கும் சேர்த்து எரிபொருள் நிரப்பியிருக்கிறார்கள். அதனால் இன்றைக்கு இம்மிகூடக் கூட்ட முடியாது. மூட்டைகளை விட்டுவிட்டால் நீங்கள் இரண்டு பேரும் போகலாம்.

தார்ப்பாயும் இடிகல்லும் என் தோளுக்கு வந்தன. மாமா செருப்பைக் கழற்றினார், பெல்ட்டைக் கழற்றினார், சாவிக்கொத்தை என் பையில் போட்டார். போதவில்லை. அத்தை வளையல் பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"தாய் வூட்டுலேந்து வெறுங்கையோட போயி எம்பொண்ணு மொவத்துல எப்புடி முழிப்பேன்?"

மாமா கண்ணாடிச் சுவர் வழியாக வெளியே பார்த்தார். ஒரு வேன் அளவே இருந்த விமானம் மழையில் நனைந்துகொண்டு நின்றது. சக்கரம், இறக்கை, கதவு, படி என்று ஒவ்வொன்றாக அவர் கண் போய் வந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டுக் கவுண்டருக்குத் திரும்பினார்.

"என்ன எறக்கிடும்மா. நான் காலி வண்டி. லோடு இவுங்கதான்."

இதை நான் என் மலையாளத்தில் சொன்னேன். எந்த வண்டி, எங்கே நிற்கிறது என்று கேட்டார் அந்தப் பெண்.

"நீங்க இல்லாம கடலுக்கு மேல நான் போவமாட்டேன்" என்று அத்தை மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"வலி எடுக்கறப்ப அவளுக்குப் புடிச்சிக்க உன் கைதான் வேணும். என் கைய வச்சிகினு இன்னா பண்ணுவா? கண்ண மூடிகினு போ. நீ போய்ச் சேர்ற வரிக்கும் நான் இங்கயே நிக்கறேன்."

அத்தை மூட்டைகளோடு போனார். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நாங்கள் வெளியே வந்து நின்றோம். விமானம் எழும்பி மழைக்குள் மறைந்த பிறகும் மாமா அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போனது. ஒருவழியாகப் போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தார். அந்தப் பக்கம் அம்மாவும் மகளும் சேர்ந்து அழுவது எனக்கே கேட்டது. இவரும் அழுதார். பேசி முடித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"உள்ள எப்புடி இருந்துச்சுன்னு கேக்கவே மறந்துட்டேன் மாப்ள."

மறுநாள் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மறுநாள் மழையில் விமானமே கிளம்பவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. ஊர் திரும்பிவிட்டோம். செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது, சுகப்பிரசவம். பிறகு மருமகனுக்கு மாற்றலாகி எல்லாரும் இந்தப் பக்கமே வந்துவிட்டார்கள். மாமாவுக்கு விமானம் ஏறும் அவசியமே அப்புறம் வரவில்லை.

எனக்குத்தான் வேலை மாறி, அடிக்கடி விமானத்தில் போக வேண்டியதாகிவிட்டது. இறங்கியதும் முதல் போன் மாமாவுக்கு. மேகத்துக்குள் நுழைந்தால் என்ன தெரிந்தது, சக்கரத்தை எப்போது மடக்கினார்கள் என்று ஒன்று விடாமல் கேட்பார். அவரிடம் சொல்வதற்காகவே இன்றைக்கும் ஜன்னலோர சீட்டைக் கேட்டு வாங்குகிறேன்.