மழைமானியைக் கவிழ்த்தவருக்கு ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உன் அக்காவின் கணவன் எழுதுவது. ‘அவர்கள்’ என்பது மரியாதைக்காக முதல் வரியில் மட்டும். இனி நீ என்றே எழுதுகிறேன். இங்கே நானும் மகளும் நலம். என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. அங்கேயும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீ எழுதி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் உன் அக்கா போனபோது வந்து இரண்டு கேள்விதான் கேட்டாய். ஒன்று ‘சாப்பிட்டீங்களா’, இன்னொன்று ‘என் குடை எங்கே’.

விஷயம் இதுதான் மாப்பிள்ளை. நீ கோபித்துக்கொண்டு போன அந்த வருஷத்து வெள்ளம் எப்படி வந்தது என்று மகளின் அலுவலகத்தில் ஆராய்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லையில் முப்பத்தொரு வருஷம் நான் மழைமானி பார்த்தவன் அல்லவா? காலை எட்டரைக்கு அதன் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பாட்டில் தண்ணீரை அளவுக் குடுவையில் ஊற்றி, எத்தனை மில்லிமீட்டர் என்று பதிவேட்டில் எழுதி, கார்பன் நகலைக் கிழித்து அனுப்புவேன். அந்தப் பதிவேடுகளை எல்லாம் மகள் வாங்கிப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் செய்திருக்கிறாள். ஒவ்வொரு மழைமானிக்கும் ஒரு நீல வட்டம். கீழே உள்ள கோட்டில் விரலை இழுத்தால் நாள் நகர்கிறது, பெய்த மழைக்குத் தக்கபடி வட்டம் பெருக்கிறது, சிறுக்கிறது. விரலை வைத்தவன் எடுக்கவே இல்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று பதினேழு மில்லிமீட்டர். மகள் புது ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தாள். இன்னொரு நாள் வெறும் இரண்டு; அந்த இரண்டுக்குத்தான் உன் அக்கா கொடியில் கிடந்த போர்வையை எடுக்க ஓடினாள். “நீங்க எழுதிக்கிட்டே இருங்க, இங்க எல்லாம் நனையட்டும்” என்றாள். அந்தச் சின்ன வட்டத்தின் மேல் விரலை வைத்தபடி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் இல்லாமல் வீடு தேவைக்கு மேல் பெரிதாக இருக்கிறது மாப்பிள்ளை. “அப்பா, வெள்ளத்தைப் பார்க்கச் சொன்னா நீங்க துணி காயப்போட்டுட்டு இருக்கீங்க” என்று மகள் விரலைப் பிடித்து நகர்த்தினாள்.

வெள்ளத்தன்று எல்லா வட்டமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிறது. நடுவில் கடுகளவு ஒரு புள்ளி. அது நாம். நான்கு மில்லிமீட்டர். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் தெருவில் மழையே இல்லை, எல்லாம் மேலே இருக்கும் ஏரி உடைந்து வந்த தண்ணீர், அதனால் சாக்கடையை அகலப்படுத்த வேண்டியதில்லை என்கிறார்களாம். வியாழக்கிழமை மகள் இந்த வரைபடத்தைப் பெரிய அதிகாரிகளுக்குக் காட்டுகிறாள். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் நம் புள்ளியையே எடுத்துவிடுவாளாம். “நம்ப முடியாத அளவுப்பா” என்கிறாள். என் அளவைப் பற்றி, என் மகள்.

காரணம் உனக்கும் எனக்கும் தெரியும். நம் வீடு மேட்டில் இருந்ததால் அன்று தெருவே நம் கூடத்தில் இருந்தது, உன்னோடு சேர்த்துப் பதினான்கு பேர். அந்த அமளியிலும் உன் அக்கா எல்லோருக்கும் டீ போட்டாள். நான் விடிந்ததும் தையல்காரரின் மெஷினைத் தூக்கிவரப் போய்த் திரும்பி, இரண்டு கப் குடித்துவிட்டு, எட்டரைக்கு மழைமானியைத் திறந்தால் பாட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர். பக்கத்தில் நீ, கால் கழுவிய ஈரத்தோடு.

“மாப்பிள்ளை, இதுலயா கால் கழுவினே?”

“நான் தொடவே இல்ல அத்தான்.”

“ஊரெல்லாம் தண்ணி, உனக்கு என் பாட்டில்தான் கிடைச்சுதா?”

அத்தனை பேர் முன்னால் கத்தினேன். நீ பையை எடுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போனாய், குடையைக் கூட எடுக்காமல். கத்தியது தப்புதான். ஆனால் கொட்டியது நீதானே? ஆகவே ‘மழைமானித் தண்ணீரைக் கொட்டியவன் நான்’ என்று ஒரே வரி எழுதி, கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. பழையதை நான் மன்னித்துவிடுகிறேன்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி. எங்கே போனாலும் நனையாமல் வீடு திரும்பட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் மகள் வந்தாள். புள்ளியைத் தொட்டால் பதிவேட்டுப் பக்கத்தின் படம் திறக்குமாம். கார்பன் வைத்து எழுதுவதால் நான் ஒரு பக்கம்தான் எழுதுவேன், மறுபக்கத்தைத் திருப்பியதே இல்லை. அவள் இரண்டு பக்கமும் படம் எடுத்திருக்கிறாள். மறுபக்கத்தில், பென்சிலில், உன் அக்காவின் எழுத்து:

‘குழாயில் சேறு வந்தது. ஆறு மணிக்கு டீ போட மழைமானித் தண்ணியைத்தான் எடுத்தேன். அவர் குடுவையால அளந்துதான் எடுத்தேன், முழுசா பதினொண்ணு. தம்பிக்குத் தெரியும், எனக்காக வாயைத் திறக்கல. இவர் கோபம் ஆறினதும் நானே சொல்றேன்.’

என் கோபம் ஆறவில்லை என்று இருபத்தொரு வருஷம் நினைத்திருக்கிறாள்.

குடுவைக்கு இருபது மில்லிமீட்டர். பதினொன்றுக்கு இருநூற்று இருபது, அதற்குப் பிறகு பெய்த நான்கு, ஆக இருநூற்று இருபத்துநான்கு. மகள் அந்த எண்ணைத் தட்டினாள். நம் வட்டம் பெருகித் தெருவை மூடிக்கொண்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் அந்த டீயை இரண்டு கப் குடித்தவன்.

மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. பதிவேட்டில் தவறினால் அழிக்கக் கூடாது. அடித்துவிட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கொட்டியது நீ இல்லை. கீழே என் கையெழுத்து. உன் குடை கதவுக்குப் பின்னால் அன்று நீ மாட்டிய ஆணியிலேயே இருக்கிறது. வா.