ரெங்கம்மாவின் கல்யாணச் சீலை

"இது என் பொண்டாட்டி சீலையா, செங்கல்லா?" என்று கேட்டார் வீரய்யா.

பதுளை டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஜஸீல் பிரிண்டைப் பார்த்தான். பிறகு வீரய்யாவின் போனைப் பார்த்தான். போனில் கல்யாணச் சீலை நல்ல ரோஸ் நிறத்தில் மினுங்கியது. பிரிண்டில் பழுப்பேறிக் கிடந்தது.

"போன்ல வெளிச்சம் ஈக்கி ஐயா. கடதாசில அது இல்லியே."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி. போன்ல இருக்கிற மாதிரியே வரணும்."

அவர் கவலை அவருக்கு. ஜஸீலின் வாப்பா இதே ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம் அது. கல்யாணத்தன்று வெட்கத்தில் வீரய்யா பெண்ணை ஏறிட்டும் பார்க்கவில்லை. மறுவாரமே கொழும்புக்குக் கடைவேலைக்குப் போய்விட்டார். பின்னாலேயே வந்து சேர்ந்த படத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு, ஆசைதீரப் பார்த்ததெல்லாம் அங்கேதான். அந்த ரோஸை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நெஞ்சு இளகிவிடும்.

ரெங்கம்மா கண்ணில் படாமல் அவர் பெட்டியிலேயே கிடந்த அசலைக் கறையான் தின்றுவிட்டது. நல்லவேளை, மகன் ரமேஸ் அதற்கு முன்பே போனில் பிடித்து வைத்திருந்தான். தோட்டத்து லய அறையை விட்டுப் புது வீட்டுக்கு வந்ததும், பெரிதாகப் போட்டு மாட்டலாம் என்றார் வீரய்யா.

"மாட்டுங்க. மஞ்சச் சீலையில நான் எப்படி இருந்தேன்னு பாக்கணும்" என்றாள் ரெங்கம்மா.

அவருக்குப் பகீரென்றது. கட்டின சீலையே மறந்துவிட்டதென்றால், நாளைக்குக் கட்டினவனை மட்டும் ஞாபகம் வைத்திருப்பாளா? படத்தைக் கண்ணுக்கு நேராக மாட்டினால் எல்லாம் திரும்பி வரும் என்று நம்பித்தான் பஸ் ஏறி வந்திருந்தார்.

ஜஸீல் ரோஸைக் கூட்டினான். சீலை சரியாக வந்தது. மாப்பிள்ளையின் வேட்டியும் ரோஸாகிவிட்டது.

"என்னப்பா, எனக்கும் சீலை கட்டி விட்டுட்டே!"

வேட்டியை வெளுத்தான். பெண்ணின் முகமும் சேர்ந்து வெளுத்தது.

"இது ரெங்கம்மா இல்ல, தொரசாணி!"

முகத்தைக் கறுப்பாக்கப் போய், மாப்பிள்ளையின் மீசை பச்சையாகிக் கொழுந்து விட்டிருந்தது. ஜஸீல் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

அந்த நேரம் பார்த்து ரெங்கம்மாவிடமிருந்து போன் வந்தது. "என்னாங்க, மஞ்சச் சீலை பளிச்சுன்னு வந்திருக்கா?"

"வந்துரும்மா" என்று வைத்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மஞ்சளாவே போட்டுத் தரவா ஐயா? லேசான வேலை" என்றான் ஜஸீல்.

"அவ மறதிக்கு நான் மருந்து கேக்குறேன். நீ வெசத்தைக் குடுக்குறியே!"

மகனுக்குப் பகல் சாப்பாடு கொண்டுவந்த ஜஸீலின் உம்மா ஜெனீரா சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உம்மா, நீங்களாவது பாத்துச் செல்லுங்கோ. இது என்ன கலர்?"

ஜெனீரா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ரோஸ்தான் மகன், இந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் சாயம் பூசினது நான்தானே. அந்தப் புள்ள மஞ்சச் சீலையிலதான் வந்திச்சு, எங்களுக்குத்தான் அன்டைக்கு மஞ்சச் சாயம் முடிஞ்சு போச்சு!"